பிசியோதெரபி உதவியாளர் வேலை – தெரிந்துகொள்வோம்

நமது தோட்டங்களில் ஓ.எல்., ஏ.எல். எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் தம்பி தங்கைகள் "ஆஸ்பத்திரியில் என்ன வேலைக்குப் போகலாம்?" என்று கேட்டால், நர்ஸ் வேலை, அட்டெண்டன் வேலை என்ற இரண்டைத்தான் நாம் சொல்கிறோம். இன்னொரு வேலையும் இருக்கிறது. கண்டி, பேராதனை, நுவரெலியா என்று பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். ஓர் அறையில் இரண்டு பக்கமும் கம்பி போட்ட நடைபாதை இருக்கும். ஆள் உயரத்துக்கு ஒரு கண்ணாடி, நாலு மரப்படி, கூரையிலிருந்து தொங்கும் கயிறும் கப்பியும் இருக்கும். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு வயசாளி அடி அடியாக நடப்பார். அவர் பக்கத்திலேயே ஒருவர், கை தொட்டும் தொடாமலும் நடந்து வருவார். அந்த ஆளைப் பற்றித்தான் இந்த மாதப் பாடம்.

வேலை தேடும் பிள்ளைகளுக்காக மட்டும் இதை எழுதவில்லை. வீட்டில் பாரிசவாதம் வந்த அப்பாவோ, கால் முறிந்த அம்மாவோ இருந்தால், துண்டு வெட்டி வீட்டுக்கு வந்த அடுத்த நாளிலிருந்து அந்த உதவியாளரின் வேலையை நீங்கள்தான் செய்யப் போகிறீர்கள். எப்படிச் செய்வது என்று தெரியாததால் நடந்திருக்க வேண்டியவர்கள் படுத்த படுக்கையாகிப் போவதை நாம் லயங்களில் பார்க்கிறோம்.

முதலில் யார் என்ன செய்கிறார் என்பதைப் புரிந்துகொள்வோம். வருத்தம் என்ன என்று பார்ப்பவர் டாக்டர். எந்தப் பயிற்சி, எத்தனை தரம், எவ்வளவு பாரம் காலில் வைக்கலாம் என்று தீர்மானிப்பவர் பிசியோதெரபிஸ்ட். தமிழில் இயன்மருத்துவர் என்கிறார்கள். இவர் ஏ.எல். உயிரியல் படித்து, கொழும்பு, பேராதனை போன்ற பல்கலைக்கழகங்களில் 4 வருடப் பட்டப்படிப்பு முடித்து, இலங்கை மருத்துவ சபையில் பதிந்தவர். உதவியாளர் இவருடைய சொல்லின்படி நோயாளியைத் தயார்படுத்தி, பயிற்சியைச் செய்ய வைத்து, நடந்ததைத் திரும்பச் சொல்பவர். தனியார் ஆஸ்பத்திரிகளில் 'பிசியோதெரபி அசிஸ்டன்ட்' என்ற பெயரிலேயே ஆள் எடுப்பதுண்டு. அரசாங்க ஆஸ்பத்திரியில் பெரும்பாலும் கனிஷ்ட ஊழியர் ஒருவரை அந்த அறைக்கு விடுவார்கள். பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான்.

காலையில் வந்ததும் அன்றைய பெயர்ப் பட்டியலை வாங்கிக்கொண்டு வார்ட்டுக்குப் போகவேண்டும். டிக்கட்டைப் பார்த்து ஆளைச் சரியாக அடையாளம் காண வேண்டும். ஒரே வார்ட்டில் இரண்டு முனியம்மா இருப்பார்கள். ஒருவர் காலில் பாரம் வைக்கலாம், மற்றவர் வைக்கவே கூடாது. மாறிப்போனால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பிறகு சக்கரக் கதிரை. பிரேக்கைப் போடாமல் நோயாளியை உட்கார வைத்தால் கதிரை பின்னால் ஓடும், ஆள் தரையில் விழுவார். கால் வைக்கும் தட்டைத் தூக்கி விடாமல் எழுப்பினால் அதில் கால் தடுக்கும். ஈரமான தரை, தேய்ந்த செருப்பு, காலில் மிதிபடும் சேலை, சாரம் எல்லாவற்றையும் கண்ணால் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் நோயாளியில் கை வைக்க வேண்டும். இவை சின்ன விஷயங்கள்தான். ஆனால் இந்த வேலையில் பாதி இதுதான்.

இனி முக்கியமான பாகத்துக்கு வருவோம். பாரிசவாதம் வந்த ஒருவரைக் கட்டிலிலிருந்து எழும்ப வைப்பது எப்படி?

பாரிசவாதத்தில் கைகாலுக்கு ஒன்றும் நேரவில்லை. மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் அடைபட்டோ வெடித்தோ, கைகாலுக்குக் கட்டளை கொடுக்கும் இடம் கெட்டுப் போகிறது. மண்சரிந்து ரோட்டு மூடிப்போனால் நாம் என்ன செய்கிறோம்? தேயிலைக்குள்ளே வேறு வழியாக நடக்கிறோம். முதல் நாள் கஷ்டம். தினமும் பத்துப் பேர் நடந்தால் அங்கே ஒரு பாதை விழுந்துவிடும். மூளையும் அப்படித்தான் புதுப் பாதை போடப் பார்க்கிறது. ஆனால் நடந்தால்தான் பாதை விழும். நோயாளி தானே முயற்சி செய்து, அதையே திரும்பத் திரும்பச் செய்தால்தான் மூளை பழகும். எல்லோருக்கும் முழுவதும் திரும்பி வராது, அதுவும் உண்மை. முதல் சில மாதங்களில்தான் முன்னேற்றம் அதிகம், ஆகவே அந்த மாதங்களை வீணாக்கக்கூடாது.

இங்கேதான் உதவியாளரின் கெட்டித்தனம் தெரியும். பலசாலியான ஒருவர் நோயாளியை இரண்டு கக்கத்திலும் கைபோட்டு ஒரே தூக்கில் நிறுத்திவிடலாம். பார்ப்பவர்கள் "நல்ல பிள்ளை" என்பார்கள். உண்மையில் அது இரண்டு விதத்தில் கெடுதல். நோயாளி ஒன்றும் செய்யவில்லை, அதனால் ஒன்றும் பழகவில்லை. மேலும் வாதம் வந்த பக்கத்துத் தோள்மூட்டைப் பிடித்து வைத்திருக்கும் தசை தளர்ந்திருக்கும். கக்கத்தில் தூக்கினாலோ கையைப் பிடித்து இழுத்தாலோ தோள் இறங்கிவிடும். அந்த வலி மாதக்கணக்கில் போகாது. வாதம் வந்த கையைப் பிடித்து இழுக்கவே கூடாது.

சரியான முறையில் செய்யும்போது பேச்சு இப்படி நடக்கும்.

"ஐயா, நான் தூக்கப் போறதில்ல. நீங்கதான் எழும்பப் போறீங்க. நான் பக்கத்துல நிக்கிறேன்."

"எனக்கு ஏலாது தம்பி. இந்தக் கால் செத்துப் போச்சு."

"கால் சாகல்ல ஐயா. சொல்றத மறந்துருச்சு, அவ்வளவுதான். கொஞ்சம் முன்னுக்கு வந்து உக்காருங்க. ரெண்டு பாதமும் தரையில படணும். இன்னும் கொஞ்சம் பின்னுக்கு இழுங்க பாதத்த. இப்ப முன்னால குனிங்க, மூக்கு கால் வெரலுக்கு நேரா வரட்டும். நல்ல கையால கட்டில அமத்துங்க. எழும்புங்க!"

இதில் ஒவ்வொரு சொல்லுக்கும் காரணம் உண்டு. படுத்தவரை எழுப்பி உடனே நிறுத்தினால் தலைசுற்றும், ஆகவே கட்டில் ஓரத்தில் சில நிமிடம் உட்கார வைக்கிறோம். பாதம் முழங்காலுக்குக் கொஞ்சம் பின்னால் இருந்தால்தான் பாரம் காலுக்கு வரும். முன்னால் குனியாமல் எவராலும் எழும்ப முடியாது. நீங்களே இப்போது பெஞ்சில் நேராக நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு எழும்பிப் பாருங்கள், தெரியும். உதவியாளர் நிற்பது எப்போதும் வாதம் வந்த பக்கம். தன் முழங்காலை நோயாளியின் பலமில்லாத முழங்காலுக்கு முன்னால் வைத்துக்கொள்வார், அது மடிந்து விழாமல் இருக்க. பிடிப்பது இடுப்புப் பட்டியில். கதிரைக்கு மாற்றுவதாக இருந்தால் கதிரையை நல்ல பக்கத்தில் கட்டிலோடு சாய்வாக வைக்கவேண்டும்.

ஆஸ்பத்திரியில் இப்படிப் பழகிய ஐயா லயத்துக்கு வருகிறார். வீட்டில் எல்லோருக்கும் பாசம். மகள் சோறு ஊட்டுகிறாள், மருமகன் தூக்கிக்கொண்டு போய் கக்கூஸில் உட்கார வைக்கிறான், பக்கத்துக் காம்பராக்காரர் "பாவம், படுக்க விடுங்க" என்கிறார். காலையில் எல்லோரும் பெரட்டுக்குப் போனதும் ஐயா இஸ்தோப்பில் தனியாகப் படுத்திருக்கிறார். ஒரு மாதத்தில் ஆஸ்பத்திரியில் பழகியது போய்விடுகிறது. முழங்கால் மடங்கிக்கொள்கிறது, முதுகில் புண் வருகிறது. இதைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. ஒரு நாள் பேர் போனால் சம்பளம் போகும் வீட்டில், பகலில் பக்கத்தில் இருக்க ஆள் ஏது? ஆனால் காலையில் வேலைக்குப் போகுமுன் பத்துத் தரம், சாயந்தரம் வந்ததும் பத்துத் தரம் கட்டிலிலிருந்து எழுந்து உட்காரச் சொல்ல நேரம் இருக்கிறது. நல்ல கையால் தானே சாப்பிடட்டும். கொஞ்சம் சிந்தும், சிந்தட்டும். படுத்தே கிடப்பவராக இருந்தால் 2 மணித்தியாலத்துக்கு ஒரு தரம் பக்கம் மாற்றிப் படுக்க வைக்கவேண்டும். பகலில் வீட்டில் இருக்கும் பாட்டியோ பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையோ இதற்கு உதவலாம்.

நம்மவர்களுக்கு அடிக்கடி வரும் இன்னொரு கேஸ் மணிக்கட்டு முறிவு. மழையில் வழுக்கும் மலையில் கையூன்றி விழுந்தால் முதலில் முறிவது அங்கேதான். பெரும்பாலும் 6 வாரம் அளவில் பிளாஸ்டர் கட்டு இருக்கும். கட்டுப் போட்ட கையை ஆட்டக்கூடாது என்று எண்ணி, விரல், முழங்கை, தோள் எல்லாவற்றையும் அசைக்காமல் நெஞ்சோடு கட்டி வைத்துக்கொள்கிறார்கள். கட்டு வெட்டும்போது எலும்பு பொருந்தியிருக்கும், ஆனால் விரல் மடங்காது, தோள் தூக்காது. கொழுந்து எடுப்பது இரண்டு கை விரலாலும். விரல் மடங்காவிட்டால் நிறுவை எங்கே வரும்? ஆகவே கட்டுக்குள் இருப்பதை விட்டுவிட்டு, வெளியில் இருப்பதை முதல் நாளிலிருந்தே அசைக்கவேண்டும். விரலை விரித்து மூடுவது, கையைத் தலைக்கு மேல் தூக்குவது, முழங்கையை மடக்கி நீட்டுவது. கட்டுப் போட்ட கையின் விரல் நீலமாகவோ வெளுத்தோ போனால், மரத்துப் போனால், வலி குறையாமல் ஏறிக்கொண்டே போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போகவேண்டும். கிளினிக் நாள் வரைக்கும் காத்திருக்கக்கூடாது. நாட்டு வைத்தியரிடம் போய்க் கட்டை அவிழ்த்து எண்ணெய் போடுவதும் வேண்டாம்.

எண்ணெய் என்றதும் ஒன்று சொல்லவேண்டும். ஒப்பரேஷனுக்குப் பிறகோ பல நாள் படுத்திருந்த பிறகோ ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் அதைத் தேய்த்துவிடக் கூடாது. உள்ளே இரத்தம் கட்டியிருக்கலாம். தேய்த்தால் அந்தக் கட்டி கழன்று நெஞ்சுக்குப் போய் உயிரையே எடுக்கும். உதவியாளருக்கு முதலில் கற்றுக்கொடுக்கும் பாடங்களில் இது ஒன்று. இப்படி ஏதாவது கண்டால் பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே இயன்மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், தலைசுற்று வந்தாலும் அப்படியே.

கரண்ட் மெசினைப் பற்றி நம்மவர்களுக்கு ஒரு பெரிய எண்ணம் இருக்கிறது. "மெசின் பிடிச்சாங்களா?" என்பதுதான் முதல் கேள்வி. பிடிக்கவில்லை என்றால் வைத்தியமே செய்யவில்லை என்று கோபம். மெசினும் சூட்டு ஒத்தடமும் வலியைக் கொஞ்சம் குறைத்து, பயிற்சி செய்ய வசதி பண்ணிக் கொடுக்கும். சுகமாக்குவது பயிற்சிதான். சூட்டிலும் ஆபத்து உண்டு. சீனி வருத்தம் உள்ளவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கும், தோல் வெந்தாலும் தெரியாது. அதனால் ஒத்தடம் வைக்குமுன் உதவியாளர் கண்ணை மூடச் சொல்லி, சூடு குளிர் தெரிகிறதா என்று தொட்டுப் பார்ப்பார். வைத்த பிறகும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் துவாயைத் தூக்கித் தோலைப் பார்ப்பார். வீட்டில் சுடுதண்ணிப் போத்தல் வைப்பவர்களும் இதைக் கவனியுங்கள்.

இனி ஊன்றுகோல். வலது கால் நோவு என்றால் கம்பை இடது கையில் பிடிக்கவேண்டும். நம்மில் பலர் நோவுக்கால் பக்கமே பிடிக்கிறோம், அது பிழை. நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் கம்பின் தலை மணிக்கட்டு மட்டத்துக்கு வரவேண்டும். கொய்யாக் கம்பில் செய்தாலும் பரவாயில்லை, அடியில் ரப்பர் மூடி போடுங்கள். கக்கத்துக்கட்டை கொடுத்திருந்தால் அதன் மேல் முனைக்கும் கக்கத்துக்கும் இடையில் இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். பாரத்தைத் தாங்குவது கையே தவிர கக்கம் அல்ல. கக்கத்தில் தொங்கினால் அங்கே ஓடும் நரம்பு அமுங்கி மணிக்கட்டு விழுந்துவிடும். படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது நோவுக்காலும் கட்டையும் முதலில்.

படி என்றோமே, இதில்தான் தோட்டத்துப் பிள்ளை ஒருவர் அந்த அறையில் இருப்பதன் அருமை தெரியும். ஆஸ்பத்திரியில் தரை சமம், படி நாலு, பிடிக்கக் கம்பி. நோயாளி ஏறி இறங்கிக் காட்டுகிறார், சரி என்று வீட்டுக்கு அனுப்புகிறார்கள். வீடு எப்படி? ரோட்டிலிருந்து லயத்துக்கு முப்பது நாற்பது கல்படி. பாசி பிடித்தது. இடையில் கான். கக்கூஸ் வீட்டுக்குப் பின்னால் மேட்டில், அதுவும் குந்தி உட்காருவது. கொழும்பில் வளர்ந்த ஒருவருக்கு இது தோன்றாது, அது அவர் குற்றமல்ல. தோட்டத்திலிருந்து போன உதவியாளர் கேட்பார்: "அம்மா, ஒங்க லயத்துக்கு எத்தன படி? கக்கூஸ் எந்தப் பக்கம்?" கேட்டுவிட்டு இயன்மருத்துவரிடம் சொல்வார். அவர் பயிற்சியை மாற்றுவார், அல்லது நடுவில் ஓட்டை போட்ட கதிரை ஒன்றைக் கக்கூஸில் வைக்கச் சொல்வார்.

மொழியும் அப்படித்தான். தமிழ் 1987ஆம் ஆண்டிலிருந்து அரசகரும மொழி. ஆனால் சட்டத்தில் இருப்பது வார்ட்டில் எப்போதும் கிடைப்பதில்லை. மிஸ் சிங்களத்தில் பயிற்சியைச் சொல்லிக் கொடுக்கிறார். நம் அம்மா "ஹரி மிஸ், ஹரி மிஸ்" என்று தலையாட்டுகிறார். விளங்கியதா? விளங்கவில்லை. கேட்கக் கூச்சம். காலில் பாரம் வைக்காதே என்று சொன்னதை, பாரம் வைத்து நட என்று விளங்கிக்கொண்டால் ஒப்பரேஷன் செய்து போட்ட ஆணி கழன்றுவிடும். உதவியாளர் தமிழில் சொல்லி, நோயாளியையே திரும்பச் சொல்ல வைத்து, செய்து காட்டச் சொல்லி, கிளினிக் கொப்பியில் தமிழில் நாலு வரி எழுதிக் கொடுத்தால் அதுவே பெரிய வைத்தியம்.

உதவியாளர் தன் முதுகையும் பார்த்துக்கொள்ள வேண்டும். முழங்காலை மடக்கி, நோயாளிக்கு நெருங்கி நின்று, திரும்பும்போது இடுப்பை முறுக்காமல் பாதத்தை எடுத்து வைத்துத் திரும்பவேண்டும். கொழுந்து மூட்டை தூக்குபவர்களுக்கும் இதே சட்டம்தான்.

வேலைக்குப் போக விரும்பும் பிள்ளைகளுக்கு: ஏ.எல். உயிரியலில் நல்ல புள்ளி எடுக்கக்கூடியவர்கள் உதவியாளர் வேலையோடு நிற்காமல் இயன்மருத்துவர் படிப்புக்கே முயற்சி செய்யுங்கள். மற்றவர்கள் என்.வி.கியூ. தராதரமுள்ள பராமரிப்பாளர் பயிற்சியை முதலில் முடிப்பது நல்லது. நோயாளியைத் தூக்குவது, திருப்புவது, கழுவுவது எல்லாம் அதில் வரும். சில இடங்களில் சில வாரப் பயிற்சிக்குப் பெரிய தொகை வாங்கிக்கொண்டு 'பிசியோதெரபிஸ்ட்' என்று சான்றிதழ் கொடுக்கிறார்கள். பணம் கட்டுமுன் அந்தச் சான்றிதழுக்கு என்.வி.கியூ. மட்டம் உண்டா என்று கேளுங்கள். பதிவில்லாமல் அந்தப் பெயரைப் போட்டுக்கொண்டு வைத்தியம் செய்ய முடியாது. பெண் பிள்ளைகள் தயங்க வேண்டாம். பெண் நோயாளிகளின் இடுப்பைப் பிடித்து நடக்க வைக்கப் பெண் உதவியாளர் இருந்தால் அவர்களுக்குக் கூச்சமில்லை.

அடுத்த கட்டிலில் இருப்பவர் சிங்களவராக இருப்பார், ஆகவே சிங்களமும் வேண்டும். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அது புதிதல்ல. 'நெகிட்டின்ன' என்றால் எழும்புங்கள், 'ஹெமின்' என்றால் மெதுவாக, 'ரிதெனவத?' என்றால் வலிக்கிறதா, 'தவ டிக்கக்' என்றால் இன்னும் கொஞ்சம். முதல் கிழமைக்கு இந்த நாலு சொல் போதும்.